டார் நெட்வொர்க்கில் பினாமி ரிலேக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நடக்கும் கணினி வகுப்புகளில் டார் (இணையத்தில் ஆளை மறைக்கும் நெட்வொர்க்) என்று வாயெடுத்தாலே வந்து விழும் கேள்விகள் இவை. பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டால் ஆளே மறைந்துபோகும் மாயக் குல்லா என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் அது யாரோ விரித்த வலை என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறது: ஒருத்தனே நிறைய ரிலேக்களைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்திருக்கிறோம்.

டார்னா இன்னா, ரிலேன்னா இன்னா? மொதல்ல அதைச் சொல்லுங்கண்ணா.

கொருக்குப்பேட்டையில் இருக்கும் உங்கள் லேப்டாப், ஒரு இணையதளத்தை நேராகப் போய்த் தொடுவதில்லை. டார் பிரவுசர் வழியாகப் போனால், உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போகிறது. அந்தக் கணினி ஒவ்வொன்றும் ஒரு ரிலே. மூன்றும் சேர்ந்த பாதைக்கு சர்க்யூட் என்று பெயர். தரவு மூன்று அடுக்கு பூட்டோடு கிளம்பும். ஒவ்வொரு ரிலேவும் தன் அடுக்கை மட்டும் உரிக்கும். வெங்காயத் தோல் கணக்கு. இந்த யோசனை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டாரின் வடிவமைப்புக் கட்டுரை 2004-இல் வந்தது.

முதல் ரிலேவை ஆங்கிலத்தில் கார்டு என்பார்கள். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு கார்டு இல்லை, காவல்காரர் என்ற பொருள். குழப்பம் வேண்டாம் என்று இங்கே காவல் ரிலே என்றே எழுதுகிறோம். அதற்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். நீங்கள் போகும் இடம் தெரியாது. கடைசியில் இருக்கும் எக்ஸிட் ரிலேவுக்குப் போகும் இடம் தெரியும். நீங்கள் யார் என்று தெரியாது. நடு ரிலேவுக்கு இரண்டுமே தெரியாது.

யார் வேணா ரிலே போடலாமாமே? அப்போ திருடனும் போடுவான்ல?

போடுவான், போட்டும் இருக்கிறான். ரிலேக்கள் ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நடத்துபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், பல்கலைக்கழகங்கள், சிறு அமைப்புகள். அடையாள அட்டை எதுவும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நடத்துபவர்களின் பட்டியல் ஓரிடத்தில் சேர்ந்துவிடும், அதையே ஒருவன் குறிவைப்பான்.

கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வருபவன் கெட்டவனாக இருந்தாலும் அதிகபட்சம் என்ன கெடுதல் செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுக் கட்டியதுதான் டார். கெட்ட ரிலே ஒன்றுகூட வராது என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த விஷயம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒருத்தனே நூறு ரிலே போட்டுகினா அதுக்கு ஏதாவது பேர் இருக்கா?

சிபில் தாக்குதல் என்பார்கள். 2002-இல் ஜான் டூசர் என்ற ஆய்வாளர் இதற்கு இந்தப் பெயரில் கட்டுரை எழுதினார். அடையாளத்தைச் சரிபார்க்க நடுவில் ஓர் அமைப்பு இல்லாத இடத்தில், ஒருவனே பல பேராக நடிப்பதை முழுக்கத் தடுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். நமக்கு இது புதுசு இல்லை: ஒரே ஆள் பத்துப் பெயரில் போடும் கள்ள ஓட்டு, ஒரே ஆள் பத்துப் பெயரில் வாங்கும் நிலம். இரண்டாவதுதான் இங்கே சரியாகப் பொருந்தும், அதனால் பினாமி ரிலே என்றே சொல்வோம்.

ஒருவர் பல ரிலே வைத்திருப்பது குற்றமில்லை. நல்லவர்களும் ஐம்பது, நூறு என்று நடத்துகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு ரிலேவின் அமைப்புக் கோப்பிலும் மைஃபேமிலி என்ற வரியில் தங்கள் மற்ற ரிலேக்களின் அடையாளத்தைக் குறிப்பிட வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் டார் மென்பொருள் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு ரிலேவுக்கு மேல் எடுக்காது. பினாமி என்பவன் அந்த வரியை எழுதாதவன்.

நூறு ரிலே வச்சிருந்தா அவனால இன்னா பண்ண முடியும்?

ஒரே சர்க்யூட்டில் காவலும் எக்ஸிட்டும் அவனுடையதாக அமைந்தால்தான் ஆட்டம். இந்தப் பக்கம் யார் என்று ஒரு ரிலேவுக்குத் தெரியும், அந்தப் பக்கம் எங்கே என்று இன்னொன்றுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பூட்டை அவன் உடைக்கவே வேண்டாம். இந்த நொடியில் 40 கிலோபைட் உள்ளே போனது, அடுத்த கணம் அதே அளவு அங்கே வெளியே வந்தது என்று நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டாலே போதும். டார் இதைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. தரவைத் தாமதப்படுத்திக் கலக்காமல் உடனுக்குடன் அனுப்புவதன் விலை இது.

ஆகவே மொத்தப் பாதுகாப்பும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: இரண்டு முனையும் ஒரே கையில் சிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அப்போ அதிக ரிலே வச்சிருக்கறவன்தானே ஜெயிப்பான்?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ரிலேக்களைத் தலை எண்ணித் தேர்ந்தெடுப்பதில்லை, பேண்ட்வித், அதாவது தரவைத் தாங்கும் திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நொடிக்கு 50 மெகாபைட் தாங்கும் ரிலேவுக்கு, அரை மெகாபைட் ரிலேவைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வாய்ப்பு. ரிலே தன் வேகத்தைத் தானே சொல்லிக்கொண்டால் நம்புவதும் கிடையாது. வெளியிலிருந்து அளக்க தனியாக அளவைக் கணினிகள் இருக்கின்றன. பல அளவைகளின் நடு மதிப்பைத்தான் எடுப்பார்கள். அளக்கப்படாத புது ரிலேவுக்கு மிகச் சொற்ப மதிப்பே கிடைக்கும்.

இதற்கு இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள், இரண்டும் 2014. அந்த ஆண்டு டிசம்பரில் லிசர்ட் ஸ்குவாட் என்ற கும்பல் மேகக் கணினிகளை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் சுமார் 3,000 ரிலேக்களைப் பதிந்தது. எண்ணிக்கையைப் பார்த்துப் பலரும் அலறினார்கள். ஆனால் எல்லாமே அளக்கப்படாத புது ரிலேக்கள். மொத்தத் திறனில் 1 சதவீதம்கூடத் தேறவில்லை. உடனே தூக்கி எறிந்தார்கள். இன்னொன்று அதே ஆண்டு ஜனவரி 30-இல் சத்தமில்லாமல் நுழைந்த 115 ரிலேக்கள். இவை வேகமானவை, பொறுமையானவை. ஜூலை 4-இல் வெளியேற்றும்வரை ஐந்து மாதம் இருந்தன. காவல் திறனில் சுமார் 6.4 சதவீதம் இவற்றிடம் இருந்தது. மூவாயிரம் பேர் கத்தியதில் ஒன்றும் ஆகவில்லை, நூற்றுப் பதினைந்து பேர் அமைதியாக உட்கார்ந்ததுதான் வலித்தது.

அளக்கறப்ப மட்டும் வேகமா ஓடி ஏமாத்த முடியாதா?

முடியும். எடை அதிகாரி வரும் அன்று மட்டும் ரேஷன் கடைத் தராசு சரியாக நிற்பதைப் போல. அளவைக் கணினியின் முகவரியை அடையாளம் கண்டு, அதற்கு மட்டும் முழு வேகம் கொடுக்கும் தந்திரத்தை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அளவைகளைப் பல இடத்திலிருந்து எடுத்து நடு மதிப்பு வைப்பது இதைக் குறைக்கும், ஒழிக்காது. இது டாரின் பலவீனமான மூலைகளில் ஒன்று.

பட்டியலை யார் வச்சிருக்காங்க? அவங்களையே வளைச்சுட்டா?

டைரக்டரி அத்தாரிட்டி எனப்படும் சில கணினிகள் இருக்கின்றன, வழக்கமாக ஒன்பது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெவ்வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஒவ்வொரு மணி நேரமும் எந்த ரிலே உயிரோடு இருக்கிறது, எதற்கு என்ன தகுதி என்று ஒவ்வொன்றும் ஓட்டுப் போடும். பாதிக்கு மேல், அதாவது ஒன்பதில் ஐந்து, கையெழுத்திட்டால்தான் அந்த மணிக்கான பொதுப் பட்டியல் செல்லும். உங்கள் டார் பிரவுசர் அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்த்துத்தான் பட்டியலை ஏற்கும்.

ஐந்தைப் பிடித்துவிட்டால் பொய்ப் பட்டியலே தயாரிக்கலாம், உண்மைதான். 2010 ஜனவரியில் அப்போதிருந்த ஏழு அத்தாரிட்டிகளில் இரண்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இரண்டு ஓட்டை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. ஆனாலும் அவற்றின் சாவிகளை மாற்றிப் புது மென்பொருளை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான ரிலேக்களை நம்பத் தேவையில்லாமல் பண்ணியதற்கு விலையாக இந்த ஒன்பது பேரில் பாதிக்கு மேல் யோக்கியர்கள் என்று நம்ப வேண்டியிருக்கிறது.

ஒரே இடத்துல வரிசையா ரிலே வச்சா கண்டுபுடிச்சுடுவாங்களா?

கண்டுபிடிப்பதற்கு முன்பே மென்பொருள் ஒதுக்கிவிடும். ஐபி முகவரியில் புள்ளி வைத்துப் பிரித்திருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டும் ஒன்றாக இருக்கும் இரு ரிலேக்களை ஒரே சர்க்யூட்டில் போடாது. ஒரே ஐபி முகவரியில் எத்தனை ரிலே என்பதற்கும் உச்சவரம்பு உண்டு; பல வருடம் 2 ஆக இருந்தது, பிறகு 4, பிறகு 8 ஆக்கினார்கள். முன்னால் சொன்ன 115 ரிலேக்களும் இரண்டே முகவரித் தொகுதிகளில் இருந்தன. அவை நுழைந்தபோதே கண்காணிப்பு நிரல் எச்சரித்தது. இது பெரிய பங்கு இல்லை என்று மனிதர்கள்தான் விட்டுவிட்டார்கள்.

விவரமானவன் பத்து நாடு, இருபது நிறுவனம் என்று பிரித்து வாடகைக்கு எடுப்பான். செலவு கூடும், மேய்ப்பது கஷ்டமாகும். அந்தக் கஷ்டத்தில்தான் தடயம் விடுவான். எல்லா ரிலேவும் ஒரே நிமிடத்தில் அணைந்து ஏறுவது, ஒரே நாளில் ஒரே பதிப்புக்கு மாறுவது, பெயர்கள் ஒரே அச்சில் இருப்பது போன்றவை. 2016-இல் ஆய்வாளர்கள் பழைய பட்டியல்களையெல்லாம் இப்படி அலசி, பல பினாமிக் கூட்டங்களைத் தோண்டி எடுத்தார்கள்.

காவல் ரிலே மட்டும் மாறவே மாட்டேங்குதே, அது பிழையா?

இதுதான் அதிகம் பேர் கேட்டது. பிரவுசரில் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் இருக்கும் சர்க்யூட் குறியைத் தட்டினால் மூன்று ரிலேக்களும் தெரியும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தத் தளத்துக்குப் புது சர்க்யூட் வரும். நடுவும் எக்ஸிட்டும் மாறும், காவல் அப்படியே நிற்கும். பிழை இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவனிடம் காவல் திறனில் 10 சதவீதம், எக்ஸிட் திறனில் 10 சதவீதம் இருக்கிறது. ஒரு சர்க்யூட்டில் இரண்டும் அவனுடையதாக விழ வாய்ப்பு நூற்றில் ஒன்று. காவலும் ஒவ்வொரு முறையும் மாறினால், 100 சர்க்யூட் போட்டதும் ஒரு தடவையாவது சிக்கும் வாய்ப்பு 63 சதவீதம். டார் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு மேல் பழகிய சர்க்யூட்டைப் புது இணைப்புக்குத் தருவதில்லை. ஆகவே நூறு என்பது ஓரிரு நாள் பயன்பாடுதான். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு முறையாவது மாட்டியிருப்பார்கள்.

காவலைப் பிடித்து நிறுத்திவிட்டால் கணக்கு தலைகீழ். முதல் நாள் குலுக்கலில் நூற்றில் பத்துப் பேருக்குக் கெட்ட காவல் விழும். அவர்கள் பாடு மோசம்தான். மீதித் தொண்ணூறு பேரை அந்தக் காவல் மாறும்வரை, எத்தனை சர்க்யூட் போட்டாலும், அவனால் தொட முடியாது. இப்போது ஒரு காவல் ஏறத்தாழ நான்கு மாதம் நிற்கிறது. வருடத்துக்கு மூன்று குலுக்கல் என்று வைத்தால், ஒரு தடவையாவது மாட்டும் வாய்ப்பு 27 சதவீதம். முன்பு மூன்று காவல் ரிலேக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றிரண்டு மாதத்தில் கழற்றிவிட்டார்கள். அது போதாது என்று 2013-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது: ஓரளவு பணம் உள்ள ஒருவன் ஆறு மாதத்தில் 80 சதவீதப் பயனர்களைப் பிடிக்கலாம். அதன் பிறகுதான் எண்ணிக்கையைக் குறைத்து காலத்தைக் கூட்டினார்கள்.

அப்போ பிரவுசிங் சென்டர்ல தினமும் புதுசா டார் இறக்கிப் போட்டா நல்லதுதானே? தடயமே இருக்காதே?

கணினியில் தடயம் இருக்காது, நெட்வொர்க்கில் ஆபத்து கூடும். தேர்ந்தெடுத்த காவல் ரிலேக்களின் விவரம் டார் வைக்கும் ஸ்டேட் என்ற கோப்பில் இருக்கிறது. பிரவுசரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் கோப்பும் போய்விடும், புதுக் குலுக்கல் நடக்கும். மேலே சொன்ன அதே 10 சதவீதக்காரன் இருந்தால், முப்பது நாள் முப்பது குலுக்கலில் கெட்ட காவலை ஒரு தடவையாவது தொடும் வாய்ப்பு 96 சதவீதம். பென்டிரைவிலிருந்து ஓடும் டெயில்ஸ் என்ற இயங்குதளத்திலும் இதே சிக்கல்தான், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் காவல் புதிது.

சொந்தக் கணினி இருந்தால் ஒரே நிறுவலை வைத்துக்கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருங்கள், அழித்துப் போடாதீர்கள். டெயில்ஸ்தான் வேண்டும் என்றால் நிலைத்த சேமிப்பைத் திறந்து, ஒரு பிரிட்ஜ் (பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு ரிலே) முகவரியை அதில் சேமித்துவிடுங்கள். அந்தப் பிரிட்ஜ் காவலின் இடத்தில் நின்றுவிடும்.

புதுசா வந்தவன் உடனே காவல் ஆகிட முடியுமா?

முடியாது. முதல் மூன்று நாள் போல அளவை முடியாமல் மூலையில் கிடக்கும். பிறகு நடு ரிலேவாக வேலை ஏறும். குறைந்தது எட்டு நாள் தெரிந்த முகமாக இருந்து, விடாமல் ஓடி, வேகமும் போதுமானதாக இருந்தால் காவல் தகுதி கிடைக்கும். அப்போதும் கூட்டம் உடனே வராது. பழைய பயனர்களெல்லாம் வேறு காவலோடு ஒட்டியிருப்பார்கள். முழுச் சுமை ஏற இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

இந்த இரண்டு மாதமும் அவன் சர்வர் வாடகை கட்டிக்கொண்டே, தப்புத்தண்டா பண்ணாமல் நல்ல பிள்ளையாக எல்லோருடைய தரவையும் சுமக்க வேண்டும். சிபில் தாக்குதலுக்கு டார் வைத்திருக்கும் சுங்கச்சாவடி இதுதான். நுழைவு இலவசம், காத்திருப்பதற்குத்தான் காசு.

கெட்டவன் நல்ல காவலையெல்லாம் அடிச்சு சாய்ச்சுட்டா, நாம அவன்கிட்டதானே போய் விழுவோம்?

நல்ல கேள்வி. 2014-இல் ஓர் ஆய்வு இதையே செய்து காட்டியது: குறிப்பிட்ட ரிலேவின் நினைவகத்தை நிரப்பிச் சாய்ப்பது, பயனர் அடுத்த காவலுக்குத் தாவும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதோடு தாவலுக்கே வேலி போட்டார்கள். உங்கள் மென்பொருள் முன்கூட்டியே ஒரு சிறு மாதிரிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளும். அது 60 ரிலேக்களைத் தாண்டாது, மொத்தக் காவல்களில் 20 சதவீதத்தையும் தாண்டாது. அதற்குள்தான் தாவும், அதற்குள் எதுவும் கிடைக்காவிட்டால் இணைப்பு வராமல் நின்றுவிடும். பழைய காவல் உயிர்த்தெழுந்தால் அதற்கே திரும்பும். அதனால் திடீரென டார் இணையவே மாட்டேன் என்றால், ஸ்டேட் கோப்பை அழித்துவிட்டு ஓட வைப்பது முதல் வைத்தியமாக இருக்கக்கூடாது. பத்து நிமிடம் பொறுங்கள், செல்போன் நெட்டை மாற்றிப் பாருங்கள்.

மூணு ரிலேக்கு பதிலா ஏழு போட்டா?

பயனில்லை. ஆபத்து இரண்டு முனையில். நடுவில் எத்தனை பேரை நிறுத்தினாலும் முனைகள் முனைகள்தான். வேகம் போகும், ஏதோ ஒன்று அறுந்து சர்க்யூட் அடிக்கடி புதிதாகும், அதுவே குலுக்கலைக் கூட்டும்.

எக்ஸிட்டை இந்தியாவுலயே வச்சுக்கலாமா? பேங்க் சைட் அப்பதான் திறக்குது.

அமைப்புக் கோப்பில் நாட்டைக் கட்டாயப்படுத்த வழி இருக்கிறது, ஆனால் செய்யாதீர்கள். உலகம் முழுக்க இருக்கும் எக்ஸிட்களில் ஒருவனுக்கு 2 சதவீதம் இருக்கலாம். நீங்கள் தேர்ந்த நாட்டில் பத்தே எக்ஸிட் இருந்து, அதில் நான்கு அவனுடையது என்றால், உங்களுக்கு மட்டும் அவன் பங்கு 40 சதவீதம் ஆகிவிடுகிறது. குளத்தைச் சுருக்கினால் மீன் பிடிப்பவனுக்குத்தான் லாபம். பேங்க் சைட்டில் உங்கள் சொந்தப் பெயரிலேயே நுழைகிறீர்கள், அதற்கு டார் எதற்கு? சாதாரண பிரவுசரில் போங்கள்.

எக்ஸிட் மட்டும் கெட்டவன்கிட்ட இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு வச்சுக்கலாமா?

நீங்கள் யார் என்று தெரியாது, ஆனால் பையில் கைவிடலாம். 2020 மே மாதத்தில் ஒரு கூட்டம் எக்ஸிட் திறனில் 23 சதவீதத்துக்கு மேல் பிடித்திருந்தது. பூட்டு இல்லாத எச்டிடிபியில் ஆரம்பித்து, பூட்டுள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறும் தளங்களில், அந்த மாற்றத்தை நடக்கவிடாமல் தடுத்து, பக்கத்தில் இருக்கும் பிட்காயின் முகவரியைத் தன் முகவரியாக மாற்றியது. பயனரை அடையாளம் காண்பது அவர்கள் நோக்கமே இல்லை, காசுதான்.

இதற்கு மருந்து பிரவுசரில் இருக்கிறது. 2022 ஜூலையில் வந்த 11.5 பதிப்பிலிருந்து எச்டிடிபிஎஸ் மட்டும் என்பதே இயல்பு நிலை. ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று முழுத்திரை எச்சரிக்கை வந்தால் அவசரத்தில் ‘தொடர்க’ என்று தட்டிவிடாதீர்கள். எக்ஸிட்களைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். தூண்டில் போடுவதுபோல, பூட்டில்லாத இணைப்பில் பொய்க் கடவுச்சொல்லை ஒவ்வொரு எக்ஸிட் வழியாகவும் அனுப்புவார்கள். அதை வைத்து பிறகு யாராவது உள்ளே நுழைந்தால், எந்த எக்ஸிட் திருடியது என்று தெரிந்துவிடும். அந்த ரிலேவுக்கு அத்தாரிட்டிகள் கெட்ட எக்ஸிட் என்று முத்திரை குத்துவார்கள், அல்லது பட்டியலிலிருந்தே நீக்குவார்கள்.

ஆனியன் சைட்டுக்கு எக்ஸிட்டே இல்லையே, அங்க பினாமி இன்னா பண்ணுவான்?

ஆனியன் சைட் என்பது டாருக்குள்ளேயே இருந்து, தன் இருப்பிடத்தையும் மறைத்துக்கொள்ளும் தளம். அங்கே குறி பார்வையாளர் மட்டுமில்லை, சைட் நடத்துபவரும்தான். சைட்டின் இருப்பிடக் குறிப்பைச் சில ரிலேக்கள் சுமக்கின்றன. ஆனியன் டைரக்டரி ரிலேக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனியன் முகவரிகளின் பழைய இரண்டாம் பதிப்பில், நாளைக்கு எந்த இடத்தில் குறிப்பு விழும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். தாக்குபவன் அந்த இடத்துக்குப் பொருந்தும் சாவி கிடைக்கும்வரை புதுப்புதுச் சாவிகளை உருவாக்கி, தன் ரிலேக்களைச் சரியாக அங்கே உட்கார வைப்பான். 2014-இன் 115 ரிலேக்கள் செய்ததும் இதன் தொடர்ச்சிதான்: டைரக்டரி முனையில் ஒரு ரிலே தரவுப் பொட்டலங்களின் வகையை மாற்றி மாற்றிச் சங்கேதம் எழுதும், காவல் முனையில் இன்னொன்று அதைப் படிக்கும். 2016-இல் யாருக்கும் சொல்லாத பொய் ஆனியன் முகவரிகளை உருவாக்கி, யார் வந்து தட்டுகிறார்கள் என்று 72 நாள் காத்திருந்த ஆய்வாளர்கள், வேவு பார்க்கும் டைரக்டரி ரிலேக்கள் குறைந்தது 110 என்று கண்டார்கள்.

மூன்றாம் பதிப்பில் அத்தாரிட்டிகள் தினமும் கூடி ஒரு பொதுக் குலுக்கல் எண்ணை உருவாக்குகின்றன. முதலில் ஒவ்வொன்றும் தன் எண்ணை மூடி வைத்து உறுதி கொடுக்கும், பிறகு எல்லாம் திறக்கும். கடைசியில் திறப்பவர், மற்றவர்களின் எண்களைப் பார்த்துவிட்டு, தான் மூடி வைத்த எண்ணை மாற்ற முடியாது. புது எண் நம் நேரப்படி காலை 5.30-க்கு வரும். குறிப்பு விழும் இடம் அந்த எண்ணைப் பொறுத்தது. டைரக்டரி தகுதி பெற ஒரு ரிலே 96 மணி நேரம் விடாமல் ஓடியிருக்க வேண்டும். நான்கு நாளைக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும், ஆனால் இடம் எது என்பது முந்தின நாள் வரை தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியதில் இருக்கும் அழகு, மொத்த வடிவமைப்பிலும் வேறு எங்கும் இல்லை. பழைய பதிப்பை 2021-இல் முழுக்க நீக்கிவிட்டார்கள்.

காவல் நல்லவனா இருந்தாலும், பக்கத்துல நிக்கற நடு ரிலே அவனைக் காட்டிக் கொடுத்துடுமே?

ஆனியன் சைட்டுக்கு இது நிஜமான ஆபத்து. தாக்குபவன் சைட்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, அதைப் புதுப்புது சர்க்யூட் போட வைப்பான். என்றாவது ஒரு நாள் அவனுடைய ரிலே, காவலுக்கு அடுத்த இடத்தில் விழும். காவல் யார் என்று தெரிந்தால் அந்த சர்வர் நிறுவனத்தை மிரட்டியோ உடைத்தோ பார்க்கலாம். 2017 முதல் 2021 வரை இருந்த கேஏஎக்ஸ்17 என்ற பினாமிக் கூட்டம் உச்சத்தில் 900-க்கு மேல் ரிலே வைத்திருந்தது. காவல் பங்கு 16 சதவீதம், நடு பங்கு 35 சதவீதம், எக்ஸிட் வெறும் 5. எக்ஸிட்டில் அக்கறையில்லாதவன் நடுவில் இத்தனை செலவு செய்கிறான் என்றால், அவன் பார்வை ஆனியன் சைட்கள் மேல் என்று சந்தேகிக்கத்தான் வேண்டும்.

மருந்து, காவலுக்கே காவல் போடுவது. வேன்கார்டு என்கிறார்கள். இரண்டாவது இடத்துக்கும் நான்கு ரிலேக்களைப் பிடித்து, சராசரியாக ஒரு வாரம் போல வைத்திருப்பது. 2022-இல் வந்த டார் மென்பொருளின் 0.4.7 பதிப்பிலிருந்து ஆனியன் சர்க்யூட்டுகளுக்கு இதன் எளிய வடிவம் தானாகவே உண்டு. நீண்ட நாள் சைட் நடத்துபவர் முழு வடிவத்தைப் போட்டுக்கொள்வது நல்லது. அது மூன்றாவது இடத்தையும் பிடித்து நிறுத்தும்.

விபிஎன் போட்டு அதுமேல டார் போட்டா பினாமிகிட்ட இருந்து தப்பிக்கலாமா?

காவல் ரிலேவுக்கு உங்கள் ஐபிக்குப் பதில் விபிஎன் ஐபி தெரியும். அவ்வளவுதான். ஆனால் விபிஎன்காரருக்கு உங்களைத் தெரியும். சந்தாவை யுபிஐயில் கட்டியிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி ஆகியவற்றை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விபிஎன் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பல ஆயிரம் பேரில் எவன் கெட்டவன் என்ற கேள்வியை, ஒரே ஆள் நல்லவனா என்ற கேள்வியாக மாற்றிக்கொள்கிறீர்கள்.

ரிலேயே வேணாம், கேபிள்லயே உட்கார்ந்து பாக்கறவன் இருந்தா?

அவன் ஒரு ரிலேகூடப் போட வேண்டாம். சென்னையிலிருந்து கிழக்கே போகும் தரவு, ஐடூஐ, சீ-மீ-வீ 4 போன்ற ஒருசில கடலடிக் கேபிள்களில்தான் போகிறது. உங்கள் காவல் எங்கே இருந்தாலும் தரவு போகும் வழியின் முதல் கட்டம் இங்கேதான். ஆனால் அந்த முனையில் தெரிவது நீங்கள் டார் பயன்படுத்துகிறீர்கள் என்பது மட்டும். மறுமுனையையும் அவனே பார்த்தால்தான் நாலாவது கேள்வியில் சொன்ன ஒப்பீடு நடக்கும். மேலே சொன்ன ரிலே வேலிகள் எதுவும் இவனைத் தடுக்காது. இரண்டு முனைக் கேபிளையும் பார்ப்பவன் டாரின் எல்லைக்கு வெளியே நிற்பவன்.

ஐ2பி-ல இந்தப் பிரச்சினை இல்லன்னு ஒருத்தன் சொன்னான்.

ஐ2பி என்பது டார் போலவே ஆளை மறைக்கும் இன்னொரு நெட்வொர்க். பிரச்சினை அங்கேயும் இருக்கிறது, வேறு வடிவில். அங்கே அத்தாரிட்டியே இல்லை. பயனர்கள் எல்லோருமே ரிலே மாதிரிதான். ஒன்பது பேரை நம்ப வேண்டாம், ஆனால் பினாமிகளை ஓட்டுப் போட்டு வெளியேற்றவும் ஆள் இல்லை. முகவரித் தகவலைச் சுமக்கும் கணினிகளைச் சுற்றிப் பினாமிகள் உட்காராமல் இருக்க, தேடும் சாவியில் அன்றைய தேதியைக் கலந்து தினமும் மாற்றுகிறார்கள். தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதுதான் டாரின் குலுக்கல் எண்ணோடு ஒப்பிட்டால் குறை.

நம்ம வீட்டு ஃபைபர் லைன்ல நல்ல ரிலே ஒண்ணு போட்டா உதவியா இருக்குமா?

நல்ல ரிலே ஒவ்வொன்றும் பினாமியின் சதவீதத்தைக் குறைக்கிறது, அதனால் உதவிதான். ஆனால் வடசென்னை வீட்டு இணைப்பில் இரண்டு தடங்கல். பல நிறுவனங்கள் தெருவுக்கே ஒரு பொது ஐபியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் ரிலேவின் வாசலான 9001 போர்ட்டைத் தொட முடியாது, ரிலே பட்டியலில் ஏறவே ஏறாது. ரவுட்டர் பக்கத்தில் தெரியும் வெளி ஐபியும், இணையத்தில் ‘என் ஐபி என்ன’ என்று பார்த்தால் வரும் ஐபியும் வேறாக இருந்தால் இதுதான் காரணம். இரண்டாவது, கரண்ட். மோட்டாரும் ஏசியும் ஒன்றாக ஏறும் மே மாத மாலைகளில் ரவுட்டர் நாலு தடவை அணைந்தால், காவல் தகுதிக்குத் தேவையான இடைவிடாத ஓட்டம் கிடைக்காது. ஏற்றமும் இறக்கமும் குறைந்தது 10 எம்பிபிஎஸ், மாதம் 100 ஜிபி வெளியே அனுப்பத் தாங்கும் திட்டம், 512 எம்பி நினைவகம். இவை இருந்து பொது ஐபியும் இருந்தால் நடு ரிலே போடலாம். எக்ஸிட்டை வீட்டில் வைக்காதீர்கள். யாரோ செய்த காரியத்துக்கு உங்கள் ஐபிதான் முதலில் தெரியும்.

பொது ஐபி இல்லாதவர்கள் பிரவுசரில் ஸ்னோஃபிளேக் நீட்சியைப் போடலாம். தடை உள்ள நாட்டுக்காரர் ஒருவர் உங்கள் பிரவுசர் வழியாக டாரின் பிரிட்ஜுக்குப் போவார். நீங்கள் எக்ஸிட் ஆக மாட்டீர்கள், அவர் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது. ஸ்னோஃபிளேக்கையும் பினாமி ஆயிரம் போடலாமே என்று அடுத்த கேள்வி உடனே வரும். போடலாம். அவனுக்குக் கிடைப்பது இந்த ஐபிக்காரர் டாருக்குள் போகிறார் என்பது மட்டும். அவனுக்குப் பின்னால் பிரிட்ஜும் நடுவும் எக்ஸிட்டும் இன்னும் பாக்கி இருக்கின்றன.